கைத்தறித் துணி: மாஸ்டர் வீவரிடமா, சங்கத்திலா, நேரே தறி வீட்டிலா?

சின்ன அளவில் சொந்தமாக ஆடை தைத்து விற்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். குர்த்தா, சட்டை, குழந்தைக் கவுன் என்று ஒரு பருவத்துக்கு இருநூறு, முந்நூறு மீட்டர் பருத்தித் துணி வேண்டும். கைத்தறியாக இருக்க வேண்டும். நெய்தவருக்கு நியாயமான கூலி போய்ச் சேர வேண்டும். யாரிடம் வாங்குவது: நூல் கொடுத்துப் பல வீடுகளில் நெய்து வாங்கும் மாஸ்டர் வீவரிடமா, நெசவாளர் கூட்டுறவு சங்கத்திலா, நேரே தறி வீட்டிலா?

"இடைத்தரகர் வேண்டாம், நேரே நெசவாளரிடம் போ" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். நானும் அதை நம்பித்தான் தொடங்கினேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு அம்மாவின் தறிக்கு நூல் வாங்கிக் கொடுத்து, பாவும் (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) ஏற்றியாயிற்று. அதன் பிறகு எனக்கு நிறத்தில் சந்தேகம் வந்தது. ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூலுக்கு) வேறு நிறம் போடலாமா என்று யோசித்து, "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தவள் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பிப் போனேன். அவர் கோபப்படவில்லை. "வேற ஆளு பாவு கொண்டாந்தாங்க அம்மணி. உன் பாவு தறியில கெடக்குது, அத எங்க எறக்கி வெக்கறது? வேண்டாம்னு அனுப்பிட்டேன்" என்றார். அந்த மூன்று வாரக் கூலி அவருக்கு என்னால் போயிற்று. மீட்டருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்ற நிறைவோடு இருந்த எனக்கு, நான் கணக்கே தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் இந்த ஒப்பீட்டில் எது மலிவு, எது 'நேரடி' என்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகளை வைக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

தறி சும்மா நிற்கும் நாளுக்குக் காசு யாருடையது? எனக்கு முதல் அளவுகோல் இதுதான். பாவு மாற்றும் நாள், நூல் வராத நாள், மழை நாள், நீங்கள் நிறம் யோசிக்கும் நாள் எல்லாம் இதில் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் நெசவாளர் கால் வைக்கும் குழிக்குள் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. அந்த நாட்களின் இழப்பு எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

மீட்டர் கூலியா, நாள் கூலியா? பேச்செல்லாம் மீட்டர் கணக்கில் நடக்கும். நீங்கள் நாள் கணக்காக மாற்றிப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: சாதாரணப் பருத்தித் துணி நாளுக்கு 5 மீட்டர், மீட்டருக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை என்றாலும் பாவு மாற்றுவதும் மற்றதும் போக நெய்யும் நாள் 20. ஆக 100 மீட்டர், 6,000 ரூபாய். இது ஒருவர் சம்பாத்தியமும் அல்ல. ஊடை நூலைத் தாரில் (நாடாவுக்குள் போகும் சிறு குழல்) சுற்றிக் கொடுக்கும் மனைவியோ மாமியாரோ மகளோ கூடவே உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தனியாக யாரும் கூலி எழுதுவதில்லை. 2019–20இல் எடுத்த நான்காவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 31 லட்சம் கைத்தறிக் குடும்பங்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவை.

இதைத் திருப்பி, நாள் கூலியிலிருந்து தொடங்கிப் போட்டுப் பாருங்கள். நெய்பவருக்கு நாளுக்கு 600, தார் சுற்றுபவருக்கு 300, இருபத்தைந்து நாளுக்கும் சேர்த்து 22,500. அதை 100 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 225 ரூபாய் கூலி, முன்பு சொன்ன 60ஐவிட 165 கூடுதல். சட்டைக்கு இரண்டு மீட்டர் என்றால் கூடுதல் செலவு 330 ரூபாய். பலரும் இங்கேதான் பயந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அடக்கவிலையை இரண்டரை மடங்காக்கி விலை வைப்பது அவர்கள் வழக்கம். 330 ரூபாய் அப்படி 825 ஆகிவிடும். கூலி உயர்வை அந்தப் பெருக்கலுக்குள் கொண்டுபோகாதீர்கள், அப்படியே விலையில் கூட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள தைத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் ஜிஎஸ்டி. பெருக்கி விலை வைத்தால் இந்தக் கோட்டைத் தாண்டுகிற ஆபத்தும் உண்டு.

முதல் யாருடையது? நூலுக்கும் சாயத்துக்கும் பணம் போடுபவர்தான் தறியை நடத்துகிறார், பெயர் என்னவாக இருந்தாலும்.

சாயத் தண்ணீர் எங்கே போகிறது? இதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது? பணத்தைவிட இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

| | மாஸ்டர் வீவர் | கூட்டுறவு சங்கம் | நேரே தறி வீடு |
|---|---|---|---|
| குறைந்த அளவு | இருப்பிலிருந்து சில மீட்டர்கூடக் கிடைக்கும் | இருப்பில் கொஞ்சமாக. புது வடிவம் என்றால் பாவுக் கணக்கில் | ஒரு முழுப் பாவு |
| நூல் முதல் | அவர் | சங்கம் | நீங்கள் |
| கூலி | அவர் வைப்பது | அடிப்படைக் கூலி, அகவிலைப்படி | இருவரும் பேசி முடிவு செய்வது |
| தறி நின்றால் | இழப்பு நெசவாளருக்கு | பெரும்பாலும் நெசவாளருக்கு | எழுதி வைத்தால் உங்களுக்கு. இல்லையேல் நெசவாளருக்கு |
| உங்கள் அலைச்சல் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |

## மாஸ்டர் வீவர் வழியாக

இவரை வில்லனாக்கிப் பேசுவது எளிது. அவர் செய்யும் வேலையைப் பட்டியல் போட்டால் பேச்சு மாறும். நூல் எடுப்பது, சாயம் ஏற்றுவது, பாவு ஓட்டுவது, பாவையும் ஊடை நூலையும் வீடு வீடாகக் கொடுப்பது, நெய்ததை வாங்கிப் பார்த்துக் கூலி போடுவது, கடைக்காரர் பணம் தரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் அவர் தலையில். அவருடைய லாபம் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இந்த வேலைகளுக்கான கூலியும் முதலுக்கான வட்டியும்தான்.

மறைவான விலை முன்பணத்தில் இருக்கிறது. கல்யாணம், ஆஸ்பத்திரி, படிப்பு என்று நெசவாளர் வாங்கும் முன்பணம் அடைகிறவரை அவர் வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கூலி குறைந்தாலும் பேச முடியாது. வேலை இல்லை என்றால் பாவு வராது, பாவு வராத நாளுக்குக் கூலியும் கிடையாது. நீங்கள் அவருக்குக் கூட்டிக் கொடுக்கும் இருபது ரூபாய் தறி வரைக்கும் போனதா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இந்த வழியிலும் நேர்மையாக நடக்க இடம் இருக்கிறது. தறியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கூலிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு தொடருங்கள். சரக்கு வந்த அன்றே பணம் கொடுங்கள். நீங்கள் தொண்ணூறு நாள் இழுத்தால் அந்த இழுப்பு கடைசியில் தறி வீட்டில்தான் வந்து நிற்கும்.

தொடங்கும் வருடத்தில், எந்தத் துணி விற்கும் என்றே தெரியாத நிலையில், இந்த வழிதான் சரி என்பது என் கருத்து. ஐந்து வகையில் இருபது மீட்டர் வீதம் அவருடைய இருப்பிலிருந்து எடுத்துத் தைத்துப் பாருங்கள். உங்கள் சோதனைக்காக யாருடைய தறியும் காத்து நிற்க வேண்டியதில்லை.

## கூட்டுறவு சங்கம்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி, பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கிய தலைமைச் சங்கம். ஊர்களில் இருப்பவை தொடக்கக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள். நெசவாளர் அங்கே உறுப்பினர். அடிப்படைக் கூலியோடு அகவிலைப்படி உண்டு. போனஸ் உண்டு. சேமிப்பு பாதுகாப்புத் திட்டம், முதியோர் ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் ஆகியவை கூட்டுறவு நெசவாளருக்கானவை. நாளை நீங்கள் கடையை மூடிவிட்டாலும் அந்த உரிமைகள் அவரோடு இருக்கும். தனிப்பட்ட நல்ல மனசால் தர முடியாத ஒன்று அது. சங்கத்துக்கு ஆர்டர் போனால் அந்தச் சங்கம் உயிரோடு இருக்கும், அதனாலேயே எனக்கு இந்த வழி பிடிக்கும்.

வேகம் எதிர்பார்க்காதீர்கள். புது வடிவம் என்றால் மாதிரி, விலை நிர்ணயம், ஒப்புதல் என்று நாள் போகும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் தறிகள் பண்டிகைச் சரக்கில் இருக்கும். பொங்கல் முடிந்து போய்ப் பேசினால் நிதானமாகக் காது கொடுப்பார்கள். மேலாளர் மாறினால் முதலிலிருந்து பேச வேண்டி வரலாம். நூல் எண் (நூல் எவ்வளவு மெல்லிசு என்பதைக் குறிக்கும் எண்), நிறம், இழை நெருக்கம் எல்லாவற்றையும் எழுத்தில், ஒரு துண்டுத் துணியை ஒட்டிக் கொடுங்கள். வாய்ப்பேச்சு இங்கே நிற்காது.

இன்னொன்றையும் பாருங்கள். சில ஊர்களில் பலகையில் சங்கம் என்று இருக்கும், நடத்துவது ஒரு மாஸ்டர் வீவராக இருக்கும். உறுப்பினர் நான்கைந்து பேரிடம் "போன தீபாவளிக்கு போனஸ் வந்துச்சா அண்ணா?" என்று கேட்டால் போதும்.

இரண்டு மூன்று வடிவங்களை வருடம் முழுக்க ஓட்டப் போகிறீர்கள், அவசரம் இல்லை, பள்ளிச் சீருடை அல்லது விடுதித் திரைச்சீலை போல ஒரே துணி நிறைய வேண்டும் என்றால் யோசிக்காமல் சங்கத்துக்குப் போங்கள்.

## நேரே தறி வீட்டுக்கு

நேரடி என்றால் இடையில் இருந்தவரின் வேலையெல்லாம் உங்களுடையது. 100 மீட்டருக்கு, நூல் எண்ணைப் பொறுத்து, பத்து முதல் பதினைந்து கிலோ நூல் வேண்டும். சிட்டாவாக, அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய நூலாக வாங்கிச் சாயம் ஏற்ற வேண்டும். மத்திய அரசின் தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகம் 1983 முதல் நூல் வழங்குகிறது. உங்கள் நெசவாளரிடம் அந்த நூலை வாங்குவதற்கான நூல் பாஸ்புக் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பாவு ஓட்டுபவர், கஞ்சி போடுபவர், அச்சு (இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு) பிணைப்பவர் என்று ஒவ்வொருவரும் தனித் தனி ஆள். 48 அங்குல அகலத் துணிக்குப் பாவில் மூவாயிரம் இழை போல வரும். பழைய பாவின் முனையோடு புதியதை ஒவ்வோர் இழையாகப் பிணைப்பார்கள். நூல் எண்ணையோ நெருக்கத்தையோ மாற்றினால் அச்சே மாற வேண்டும். "அடுத்த முறை கொஞ்சம் மெல்லிசா நெய்யலாமே" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

துணி வந்த பிறகும் செலவு தொடரும். துவைத்தால் சுருங்கும். எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பாவிலும் ஒரு மீட்டர் துவைத்து அளந்த பிறகே வெட்டுங்கள். ஒரு சாயத்தொட்டிக்கும் இன்னொன்றுக்கும் நிறம் மாறும். சட்டையின் முன்பக்கமும் கையும் ஒரே பாவிலிருந்து வர வேண்டும் என்று தையற்காரரிடம் சொல்லி வையுங்கள். அங்கங்கே இழை அறுந்து முடி போட்ட இடம் இருக்கும். அதைக் காட்டிக் கூலி பிடிப்பது வழக்கமாக இருக்கிறது, செய்யாதீர்கள். எதுவெல்லாம் பழுது என்று முதலிலேயே இருவரும் ஒரு துணியை வைத்துப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமானது ஒன்று உண்டு. ஒரு வீடு உங்களை நம்பி மாஸ்டர் வீவரின் பாவை விட்டுவிட்டு வந்தால், நீங்கள் விற்பனை இல்லை என்று நிறுத்தும் மாதத்தில் அவர்கள் திரும்பிப் போக இடம் இருக்காது. போனாலும் பழைய கூலி கிடைக்காது. கையில் ஆறு மாதத் தறி வேலைக்கான பணம் இல்லாதவர்கள் யாரையும் அப்படி இழுத்து வராதீர்கள். வீட்டில் இரண்டு தறி இருந்தால் ஒன்று மட்டும் உங்களுக்கு ஓடட்டும். ஒரு தறிதான் என்றால் வருடத்தில் எத்தனை பாவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மீதி நாளை அவர்கள் திட்டமிட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நூலிலிருந்து கூலி வரைக்கும் ஒவ்வொரு ரூபாயும் கண் முன்னால் இருக்கும். ஊடையில் இரண்டு நிறம் கலந்தால் வெயிலில் எப்படி மின்னும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தறியில் உட்கார்ந்திருந்தவர்தான். அந்த வடிவம் அவருடையது என்று அட்டையில் எழுதினோம், அவரைக் கேட்டுவிட்டு. பெயரையும் படத்தையும் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். முன்பணம் வாங்கியிருக்கும் ஒருவர் இன்னொருவருக்கும் நெய்கிறார் என்று ஊருக்குத் தெரிவது அவருக்குத் தொல்லையாகலாம்.

## நெசவாளரே நடத்தும் அமைப்புகள்

2002இல் நிறுவனச் சட்டத்தில் வந்த திருத்தத்தால் உற்பத்தியாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி தொடங்க முடிகிறது. மத்தியப் பிரதேசத்து மகேஷ்வரில் 1970களின் இறுதியில் தொடங்கிய ரெஹ்வா சொசைட்டி போன்ற அறக்கட்டளை வகை முயற்சிகளும் உண்டு. விலை கூடுதலாக இருக்கும், கணக்குத் தெளிவாக இருக்கும். நன்கொடைப் பணம் நின்றால் அமைப்பு நிற்குமா என்று மட்டும் விசாரியுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் நன்றாக ஓடுவது ஒன்று இருந்தால் மேலே சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு அங்கே போகலாம்.

## கணக்கு எதிலும் ஒத்து வரவில்லை என்றால்

விசைத்தறித் துணி வாங்கி, விசைத்தறி என்று எழுதி விற்பது நேர்மையான தொழில். அங்கேயும் உழைப்பவர்கள் மனிதர்கள்தான். விசைத்தறியில் ஓடியதற்குக் கைத்தறி என்று அட்டை ஒட்டுவதுதான் குழிக்குள் கால் வைத்து நெய்பவரின் வயிற்றில் அடிப்பது. கரை போட்ட சேலை, வேட்டி உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரையும் இருக்கிறது. பவானி ஜமக்காளம், காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி, நெகமம் பருத்திச் சேலை போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊரில் நெய்துவிட்டு அந்தப் பெயரைப் போடக்கூடாது.

## சாயம்

கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால் சூழலுக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நூல் நூற்பாலையிலிருந்து வருகிறது, சாயம் தொட்டியிலிருந்து வருகிறது. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாடும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவும் நாம் அறிந்தவை. அது பின்னலாடைக்கான சாயம், அளவும் மிகப் பெரியது. ஆனாலும் கைத்தறி ஊரின் சின்னச் சாயப்பட்டறைத் தண்ணீரும் வாய்க்காலுக்குத்தான் போகிறது. எந்த வழியில் வாங்கினாலும் சாயம் எங்கே ஏற்றுகிறார்கள், கழிவு நீர் என்ன ஆகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். தடை செய்யப்பட்ட அசோ சாயம் இல்லை என்ற பரிசோதனைச் சான்றையும் கேளுங்கள். வழி இல்லாத ஊர் என்றால் சாயமே ஏற்றாத பழுப்பு வெள்ளை நூலில் நெய்யச் சொல்லலாம், கோடைக்கால ஆடைக்கு அது அழகாகவே இருக்கும்.

இயற்கைச் சாயம் கேட்பவர்கள் அவுரி நீலம் தேய்த்தால் ஒட்டும், மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்று, திரும்பி வந்த துணியின் நஷ்டத்தை சாயம் போட்டவர் தலையில் கட்டுவது அநியாயம்.

## எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

எந்த வழியாக இருந்தாலும் ஒரு பக்கத் தாளில், தமிழில், இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அதில் மீட்டர் கூலியும் அது எந்த நாள் கூலியிலிருந்து வந்தது என்பதும் இருக்கட்டும். தார் சுற்றுபவருக்குத் தனித் தொகை. நூல் வாங்க முழுப் பணமும் முன்னதாக. துணி வந்த நாளில் கூலி. மாதிரிக்கு நெய்யும் இரண்டு மூன்று மீட்டருக்கு மீட்டர் கணக்கு ஒத்து வராது, நாள் கணக்கில் கொடுங்கள்.

பாவு ஏற்றிய பிறகு நான் நிறுத்தச் சொன்னால், தறி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் முழு நாள் கூலி என்று நாங்கள் இப்போது எழுதிக்கொள்கிறோம். அந்த அம்மாவிடம் அடுத்த பாவுக்குப் போனபோது, பழைய மூன்று வாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினேன்.